மலப் பரிசோதனை கிட் வடசென்னைக்கு வந்தால் யார் கையில் வர வேண்டும்?

#1 தண்டையார்பேட்டை_டாக்டர்

மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். எது என்று கேட்காதீர்கள், வடசென்னை என்பது போதும்.

தேசிய அளவில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோயைப் போல முன்கூட்டியே பிடிக்கத் தோதான நோய் குறைவு. குடலின் உட்சுவரில் முதலில் பாலிப் என்ற சிறு சதை மொட்டு வருகிறது. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம்கூட ஆகும். அதற்குள் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் அந்த மொட்டிலிருந்து புற்றே வராது.

கண்டுபிடிக்க முதல் படி ஒரு மலப் பரிசோதனை, பெயர் ஃபிட். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை ஆன்டிபாடி வைத்துக் கண்டுபிடிக்கும். பழைய குவாயக் மலச் சோதனைக்கு ஆட்டுக்கறி, முள்ளங்கி எல்லாம் சில நாள் நிறுத்த வேண்டும். இதற்கு எந்தப் பத்தியமும் வேண்டாம். ஒரு குச்சியால் மலத்தில் நாலு இடத்தில் தொட்டுக் குப்பியில் போட்டு மூடினால் வேலை முடிந்தது.

ஜப்பான் 1992லேயே மலப் பரிசோதனையைத் தொடங்கிவிட்டது. தைவானும் கொரியாவும் 2004ல். என் கேள்வி இதுதான்: நம் பகுதியில் இதைக் கொண்டுவந்தால், சுகர் மாத்திரை வாங்க வருகிறவரிடம் ஓ.பி.யில் நானே கிட்டைக் கொடுப்பதா, வீடு தேடிப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோவதா? பகுதிக்காரர்கள் சொல்லுங்கள்.

#2 ராயபுரம்_கணக்கு

டாக்டர், யார் கையில் கொடுப்பது என்பதற்கு முன்னால், கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். நான் பொதுசுகாதாரம் படித்தவன், கொஞ்சம் கசப்பாகப் பேசுவேன்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 70,000 பேருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. எண் பெரிதுதான், ஆனால் 140 கோடிப் பேருக்கு நடுவில். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் நம் விகிதம் பல மடங்கு குறைவு. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் எல்லாரையும் சோதித்தால், பாசிட்டிவ் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. அத்தனை பேரும் பயந்துபோய், குடலைக் காலிசெய்து, குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு வரிசையில் நிற்பார்கள்.

1968லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்: நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை கொடுக்கவும் வசதி இல்லாமல் பரிசோதனையைத் தொடங்காதே என்று. நம்மிடம் அந்த வசதி இருக்கிறதா?

#3 காசிமேடு_பொண்ணு

கணக்கு அண்ணா சொல்வது புத்தகத்தில் சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். 48 வயதில் மலத்தோடு ரத்தம். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் மூலம் இருக்கும், சூடு, காரம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். மின்கம்பத்தில் ஒட்டியிருக்குமே, "மூலம் பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று, அந்த மாதிரி ஓர் இடத்தில் லேகியம். அப்புறம் ஒரு கிளினிக்கில் களிம்பும் மாத்திரையும். அங்கே போய்விட்டு வந்தால் கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி வரும். ஒருவர்கூட அவரைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கையுறை போட்டு விரலை வைத்த உடனே முகம் மாறிவிட்டது. மலக்குடலில் கட்டி, விரலுக்கே எட்டும் தூரத்தில்.

இப்போது அப்பா வயிற்றில் மலம் சேரும் பையோடு இருக்கிறார். வலை பின்னுகிறார். உங்கள் கிட் வந்தால் நல்லதுதான். ஆனால் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தபோதே யாரும் பார்க்காத ஊரில், தெரியாத ரத்தத்தைத் தேடப் போகிறீர்களா?

#4 தண்டையார்பேட்டை_டாக்டர்

@காசிமேடு_பொண்ணு, இழையின் முக்கியமான பதிவு உங்களுடையதுதான் அம்மா.

முதலில் ஒரு விஷயம், எல்லாருக்கும். ஃபிட் கிட் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் போகிறது, மலம் போகும் பழக்கம் சில வாரமாக மாறிவிட்டது, போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல இருக்கிறது, காரணமில்லாமல் ரத்தசோகை, எடை குறைவு: இவர்களைக் கிட் கொடுத்துத் திருப்பி அனுப்பக் கூடாது, நேரே பார்க்க வேண்டும். கிட் நெகட்டிவ் என்றால் சுத்தம் என்று அர்த்தமும் இல்லை. புற்று இருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேரைத்தான் அது ஒரு தடவையில் பிடிக்கும். பாலிப்புகளை இன்னும் குறைவாகவே பிடிக்கும். அதனால்தான் வருஷா வருஷம், அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

விரல் பரிசோதனை ஏன் நடப்பதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கதவுக்கு வெளியே நூறு பேர். படுக்கை இருக்கும், அதன்மேல் மருந்து அட்டைப்பெட்டி இருக்கும். திரைச்சீலை இருக்காது. பெண் நோயாளி என்றால் சிஸ்டர் உடன் இருக்க வேண்டும், அவர் தடுப்பூசியில் இருப்பார். மூன்று நிமிஷ வேலைதான். அந்த மூன்று நிமிஷத்துக்கு இத்தனை ஏற்பாடு வேண்டும். நம் நாட்டில் மலக்குடலில் வரும் புற்றின் பங்கு அதிகம், இளவயதுக்காரர்களும் கணிசம். ஒரு திரையும் ஒரு பெட்டி கையுறையும் கிட்டைவிட மலிவு.

#5 பாரிஸ்_பெரம்பூர்

பெரம்பூரில் வளர்ந்து இப்போது பாரிஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே நடப்பதைச் சொன்னால் உதவுமா பாருங்கள்.

பிரான்சில் 50 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. வீட்டுக்குக் கடிதம் வரும். கிட்டைக் கடிதத்தோடு அனுப்பவில்லை, குடும்ப டாக்டரிடம் போய் வாங்கும்படி வைத்தார்கள். அவர் உங்கள் குடும்ப வரலாறு கேட்பார், கிட் போதுமா, நேரே கொலோனோஸ்கோப்பியா என்று முடிவு செய்வார். கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் கிட்டைச் செய்து அனுப்புகிறவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான். டாக்டரைப் பார்க்க நேரம் கிடைப்பதே பாடு. 2022லிருந்து மருந்துக்கடையிலும் வாங்கலாம், இணையத்திலும் கேட்கலாம் என்று திறந்துவிட்டார்கள். பக்கத்தில் நெதர்லாந்து 2014ல் தொடங்கியபோதே தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே பங்கேற்பு மிக அதிகம்.

ஆனால் ஒன்று. என் மேசையில் கடிதம் ரொம்ப நாள் கிடந்தது. வேறு எதற்கோ டாக்டரிடம் போனபோது அவர் டிராயரைத் திறந்து கிட்டை எடுத்துக் கையில் வைத்து, "அடுத்த வாரம் கேட்பேன்" என்றார். அப்புறம்தான் செய்தேன்.

#6 வியாசர்பாடி_தோழர்

பாரிஸ் அண்ணே, உங்களுக்குக் குடும்ப டாக்டர் இருக்கிறார். எங்களுக்கு யார்?

ஒரு காலத்தில் இருந்தார்கள். வியாசர்பாடியில் திருவேங்கடம் டாக்டர் இரண்டு ரூபாய்க்குப் பார்த்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் டாக்டர், ஐந்து ரூபாய் டாக்டர் என்றே பெயர். 2018ல் அவர் போனபோது தெருவே திரண்டது. 2020ல் திருவேங்கடம் டாக்டரும் போய்விட்டார். தாத்தாவுக்கு என்ன நோய் என்று பேரனைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். அவர்கள் "இந்தக் குச்சியை மலத்தில் தொட்டுக் கொண்டுவா" என்று சொல்லியிருந்தால் எம்.கே.பி. நகர் முழுக்கக் கொண்டுவந்திருக்கும்.

இப்போது சுகாதார நிலையத்தில் டாக்டர் மாறிக்கொண்டே இருக்கிறார் (தண்டையார்பேட்டை டாக்டர் கோபித்துக்கொள்ள வேண்டாம்). மாறாமல் இருப்பவர் தன்னார்வலர் அக்காதான். எங்கள் பிளாக்கில் யாருக்கு எத்தனை பிரஷர் என்று அவருக்கு மனப்பாடம். எனவே என் ஓட்டு அவருக்கு.

#7 கொடுங்கையூர்_அக்கா

ஓட்டு போட்டதற்கு நன்றி தம்பி. அந்த அக்காக்களில் நானும் ஒருத்தி. எங்கள் தலையில் இன்னொன்றை ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

நான் பிரஷர் மெஷினோடு போகும் நேரத்தில் ஆம்பிளைகள் வீட்டில் இல்லை. துறைமுகம், கன்டெய்னர் லாரி, மணலி கம்பெனி காண்ட்ராக்ட், மீன் மார்க்கெட் என்று போய்விடுவார்கள். அந்த அம்மாவிடம் கிட் கொடுத்து "உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுங்க" என்றால், அது டி.வி. மேலே போய் உட்காரும். மாமனாரிடம் மருமகள் எப்படி இதைப் பேசுவாள்?

அப்புறம் கழிப்பறை. வெளிநாட்டுப் படத்தில் மேற்கத்திய கழிப்பறையில் காகிதம் விரித்துப் பிடிப்பதைக் காட்டுகிறார்கள். எங்கள் பழைய வாரியக் குடியிருப்புகளில் பல இடங்களில் பொதுக் கழிப்பறை, வெளியே ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். இந்தியக் கழிப்பறையில் தண்ணீர் படும் முன்னால் எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் போய், குச்சியால் தொட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டும் என்று சொன்னார்கள், செய்தித்தாள் அடைத்துக்கொண்டால் யார் குத்துவது? தண்ணீரில் கரையும் காகிதம் கிட்டோடே வந்தால் பேசலாம்.

இன்னொன்று, இதற்குத் தனியாக ஊக்கத்தொகை இல்லை என்றால் நான் வரமாட்டேன். இப்போதே வேலைக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

#8 லேப்_குமார்

யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லையே! ரத்தத்தின் ஹீமோகுளோபினைத்தான் ஃபிட் தேடுகிறது. மாதிரி சூட்டில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதையும், ரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரும். இத்தாலியிலேயே கோடையில் பாசிட்டிவ் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலிக் கோடை நமக்கு மார்கழி மாதிரி. மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் டி.வி. மேலே இரண்டு நாள் உட்கார்ந்த குப்பியை என் மேசைக்குக் கொண்டுவந்தால் நான் என்ன ரிப்போர்ட் கொடுப்பது?

காலையில் எடுத்தது அன்றே வர வேண்டும். வந்ததும் குளிரில் வைக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று யாராவது சொல்வீர்கள். அதில் தடுப்பூசி தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது, மலத்தைச் சுத்தமாகக் கூடாது. தனி ஃப்ரிட்ஜ் வேண்டும்.

#9 வியாசர்பாடி_தோழர்

காசிமேட்டில் ஐசுக்கா பஞ்சம்? :) வவ்வால் மீனையே கெடாமல் வைக்கிறார்கள்.

#10 ஸ்கோப்_ரூம்

குடல் இரைப்பைத் துறையில் அரசுப் பணியில் பயிற்சி எடுக்கிறேன். எல்லாரும் கிட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கிட் சுலபம். அதற்குப் பின்னால் வருவது எங்கள் அறைக்குத்தான் வரும்.

கணக்கு அண்ணாவுக்காக ஒரு கணக்கு. ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 50,000 பேர் என்பது திட்ட விதி. அதில் ஐந்தில் ஒருவர் 50 வயதைத் தாண்டியவர் என்று வைத்தால் 10,000. பாதிப் பேர் கிட்டைச் செய்து கொடுத்தால் 5,000. நூற்றுக்கு ஐந்து பாசிட்டிவ் என்று வைத்துக்கொண்டால் 250 கொலோனோஸ்கோப்பி. ஒரே ஒரு நிலையத்திலிருந்து! திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என வடசென்னை முழுக்க ஒரே நாளில் தொடங்கினால், இப்போது ரத்தம் போகிறது என்று ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் பின்னால் தள்ளப்படுவார். காசிமேடு அக்காவின் அப்பா மாதிரியான ஆட்கள்தான் தள்ளப்படுவார்கள். எனக்கு இதுதான் பயம்.

அடுத்தது குடலைக் காலிசெய்வது. பேதிப் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து முந்தின இரவு பாதி, அன்று காலை பாதி குடிக்க வேண்டும். கடைசியில் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். அதுவரை இரவெல்லாம் ஓட வேண்டும். கொடுங்கையூர் அக்கா சொன்ன பொதுக் கழிப்பறைக்கு, 65 வயதுப் பாட்டி, நடுராத்திரியில், மெட்ரோ வாட்டர் லாரி வராத நாளில். வேண்டாம் என்று பாதிக் குடலோடு வருவார், நாங்கள் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவோம், இன்னொரு நாள் கூலி போகும். சுகர் மாத்திரையை அன்று எப்படி மாற்றுவது என்று யாரும் சொல்லவில்லை என்றால் தாழ்ந்த சர்க்கரையில் மயக்கமே வரும்.

முந்தின நாளே வார்டில் படுக்கை கொடுத்து, கழிப்பறை பக்கத்தில் வைத்துத் தயார் செய்தால் இது நடக்கும். படுக்கை எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.

#11 ராயபுரம்_கணக்கு

அப்பாடா, ஒருவராவது சொன்னார்.

சரி, கசப்பை விட்டுவிட்டு ஒரு யோசனை. எல்லாருக்கும் கிட் வேண்டாம். ஆசிய பசிபிக் பகுதிக்காக 2011ல் ஓர் எளிய மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். வயது 50 முதல் 69 என்றால் 2, எழுபதும் அதற்கு மேலும் 3. ஆண் என்றால் 1. புகை இப்போதோ முன்போ இருந்தால் 1. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் யாருக்காவது இந்த நோய் என்றால் 2. நான்கும் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து. தன்னார்வலரின் நோட்டில் நாலு கட்டம் போட்டால் முடிந்தது. 52 வயது, ஆண், பீடி: நான்கு வந்துவிட்டது. துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் இப்படிப்பட்டவர் ஏராளம்.

ஒரே மண்டலத்தில், இந்த ஆட்களுக்கு மட்டும். ஸ்கோப் அறை எத்தனை தாங்குமோ அத்தனை கிட்தான் வெளியே போக வேண்டும், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

#12 கொடுங்கையூர்_அக்கா

நாலு கட்டம் என்றால் நான் போட்டுவிடுவேன். பீடி குடிக்கிறாரா என்று அவரைக் கேட்டால் இல்லை என்பார். வீட்டம்மாவைக் கேட்டால் எத்தனை கட்டு என்று சொல்வார்.

#13 காசிமேடு_பொண்ணு

ஆண்கள் வீட்டில் இல்லை என்றீர்களே அக்கா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது. எல்லாரும் கரையில்தான், வலை சீர்செய்துகொண்டு, சீட்டு ஆடிக்கொண்டு. அப்போது வந்தால் ஒருவர் தப்ப முடியாது.

#14 லேப்_குமார்

அதில் அக்னி நட்சத்திரம் வருகிறது அம்மா! ஆள் கிடைப்பார், ஹீமோகுளோபின் கிடைக்காது.

#15 ஸ்கோப்_ரூம்

இரண்டையும் பிரித்துவிடலாமே. கிட்டைப் பிப்ரவரியிலிருந்து மார்ச் நடுவரை, வெயில் ஏறும் முன்னால் வாங்கிவிடுங்கள். கடலுக்குப் போகிறவர் ஒரு நாள் காலையில் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போகலாம், அதற்குக் கூலி போகாது. பாசிட்டிவ் வந்தவருக்குக் கொலோனோஸ்கோப்பியைத் தடைக்காலத்தில் வையுங்கள். தயாரிப்புக்கு ஒரு நாள், ஸ்கோப்புக்கு ஒரு நாள், மயக்க மருந்துக்குப் பின் ஓய்வு ஒரு நாள் என்றாலும் வருமானம் போகாது.

தள்ளிப்போடலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2017ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், பாசிட்டிவ் வந்து ஒரு மாதத்துக்குள் ஸ்கோப் செய்தவர்களோடு ஒப்பிட்டால், பத்து மாதத்துக்கு மேல் தள்ளியவர்களுக்குத்தான் புற்றும் முற்றிய நிலையும் தெளிவாகக் கூடியிருந்தன. இரண்டு மூன்று மாதம் பரவாயில்லை. அதற்காக ஜூன் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் அவர் கடலில் இருப்பார், நீங்கள் போன் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

#16 தண்டையார்பேட்டை_டாக்டர்

இதை நான் யோசிக்கவே இல்லை. மீனவர் குடியிருப்புகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தாய்லாந்தில் லம்பாங் மாகாணத்தில் 2011ல் இப்படித்தான் தொடங்கினார்கள், ஊர் சுகாதாரப் பணியாளர்களும் செவிலியர்களும் கிட் கொடுத்து. பத்தில் ஆறு பேர் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். பிரான்சைவிட அதிகம் பாருங்கள், பாரிஸ் அண்ணே! அப்புறம்தான் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். முதலில் ஒரு மாகாணம், அதிலும் ஸ்கோப் வசதியைக் கணக்குப் பார்த்து.

நான் மாநகராட்சிக்கு எழுதப்போவது இது. கிட்டைக் கொண்டுபோவது தன்னார்வலர், ஊக்கத்தொகையோடு. யாருக்குக் கிட், யாருக்கு நேரே ஸ்கோப் என்று முடிவு செய்வது ஓ.பி. டாக்டர். பாசிட்டிவ் வந்தவரின் பெயர் அந்த டாக்டரின் மேசையிலேயே ஒரு நோட்டில் இருக்கும், ஸ்கோப் முடிந்து தாள் வரும் வரை அந்த வரியை அடிக்கக் கூடாது. டாக்டர் மாற்றலாகிப் போனாலும் நோட்டு போகாது. மாலை ஓ.பி.யும் வேண்டும்: நலவாழ்வு மையங்கள் என்ற சிறு அரசு கிளினிக்குகள் மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்கின்றன, வேலை முடிந்து வரும் ஆண்களைப் பிடிக்க அதுதான் நேரம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் திரைச்சீலை, கையுறை, மூன்று நிமிஷம். ரத்தம் என்று வந்தவரைப் பார்க்காமல் மூலம் என்று சீட்டில் எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை வேண்டும்.

#17 ராயபுரம்_கணக்கு

சுற்றறிக்கைக்கு நான் கையெழுத்து போடுகிறேன். கிட் விஷயத்தில் இன்னும் பாதி சந்தேகம்தான். முதல் வருஷ முடிவைப் பாசிட்டிவ், ஸ்கோப், பாலிப், புற்று என்று அப்படியே வெளியே போடுவதாக எழுதுங்கள், எவ்வளவு குறைவாக வந்தாலும். கிடைத்தது போதவில்லை என்றால் நிறுத்தவும் தெரிய வேண்டும்.

#18 காசிமேடு_பொண்ணு

டாக்டர், இதைத் தனியாகக் கேட்க நினைத்தேன், இங்கேயே கேட்கிறேன். அப்பாவுக்கு 48ல் வந்தது. அக்காவுக்கு இப்போது 41, எனக்கு 36. எங்களுக்கும் கிட்டா?

#19 தண்டையார்பேட்டை_டாக்டர்

உங்களுக்குக் கிட் இல்லை அம்மா, நேரே கொலோனோஸ்கோப்பி. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது 38. அதாவது அக்காவுக்கு நாள் தாண்டிவிட்டது. சரியாக இருந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை.

அதற்கு முன் ஒன்று: அப்பாவின் பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். 50க்குள் வந்த கட்டியில் எம்.எம்.ஆர். என்ற சோதனை செய்திருக்க வேண்டும். பரம்பரையாக வரும் லிஞ்ச் வகையா என்பதற்கு அது முதல் துப்பு. செய்யவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுத் துண்டில் இப்போதும் செய்யலாம். அந்த வகை என்றால் உங்களுக்கும் 38 வரை காத்திருக்க முடியாது, சித்தப்பா பிள்ளைகள் வரை கேட்க வேண்டிவரும்.

#20 ஸ்கோப்_ரூம்

பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் பயாப்சி எண் இருக்கும், அதைக் கொண்டுவந்தால் போதும். அக்காவை வெறும் ஓ.பி. சீட்டோடு வரச் சொல்லுங்கள். பேதிப் பவுடருக்கு முன் நாள் எங்கே தங்குவது என்று அன்றைக்கே பேசி வைத்துவிடலாம்.

#21 காசிமேடு_பொண்ணு

சீட்டு பீரோவில் இருக்கிறது. அக்காவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும், முதலில் திட்டுவாள்.